ஏழாம் கட்டிலுக்குத் துணை யார்?

படிவத்தில் ஒரே ஒரு இடம்தான் காலி: ‘வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் யார்?’

பதினொரு மணிக்கு டாக்டர் வருவதற்குள் அது நிரம்பாவிட்டால், ஏழாம் கட்டில்காரர் திங்கட்கிழமைவரை வீட்டுக்குப் போக முடியாது. குடலிறக்க அறுவை முடிந்த நாளிலிருந்து, "என்னை எப்ப விடுவீங்க?" என்று அவர் கேட்காத ஆள் இல்லையாம். அன்று காலையில்தான் இந்த வார்டுக்கு மாறி வந்திருந்த செவிலியர், படிவமும் பேனாவுமாகப் போய் நின்றார்.

கட்டிலில் ஒருவர் கழுத்துவரை போர்த்திக்கொண்டு கிடந்தார்.

"ஏழாம் கட்டில் நீங்கதானே?"

"படுத்திருக்கறது தெரியலயா? டீ எங்கேம்மா? அரை மணியாச்சு."

"வரும். வீட்டுல உங்கள யாரு பாத்துப்பாங்க?"

"என்னை யாரு பாக்குறா? நான்தான் மச்சானைப் பாத்துக்கறேன். நான் பக்கத்துல இல்லேன்னா அந்த மனுஷனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது."

வயிற்றில் தையலோடு இன்னொரு ஆளையும் தாங்குகிறாரா! செவிலியருக்கு மனசு இளகிவிட்டது. ‘துணை: இல்லை. இவரை நம்பியே ஒரு மச்சான்’ என்று எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. துணை இல்லை என்றால் டாக்டர் எப்படி விடுவார்? அது போகட்டும், யார் அந்த மச்சான்? தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. கோப்பிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டார்.

நோயாளியின் மனைவி எடுத்தார்.

"பாத்துக்கறேன்னு எங்க அண்ணன் வந்திருக்காரு சிஸ்டர். வந்த நாள்லேருந்து அவரப் பாத்துக்கறதுதான் எங்க வீட்டுக்காரருக்கு வேலையே. குடிக்கத் தண்ணிகூட படுத்த எடத்துக்கு வரணும்!"

செவிலியர் விறுவிறுவென்று கட்டிலுக்குத் திரும்பினார்.

"ஏங்க, துணைக்குன்னு ஒருத்தர் வந்து, படுத்த எடத்துலயே எல்லாம் கேக்குறாராமே?"

போர்வைக்கு மேலே தலை நிமிர்ந்தது. "யாரு அது?"

"உங்க சொந்தக்காரர்தான்."

"வெக்கமா இல்ல அந்த ஆளுக்கு? முடியாதவனயே வேலை வாங்குறதா? எழுதுங்க சிஸ்டர். இன்னைக்கே மூட்டையக் கட்டிக் கெளம்பணும்!"

‘மேற்படி உறவினரை உடனே ஊருக்கு அனுப்பினால், நோயாளி நலமாக இருப்பார்’ என்று செவிலியர் எழுதினார்.

"கையெழுத்துப் போடுங்க."

"ரெண்டு போடறேன்!"

போர்வையை விலக்கிக்கொண்டு கை வெளியே வந்தது. கையெழுத்தும் விழுந்தது. அந்த மணிக்கட்டில்தான் நோயாளிக்குக் கட்டும் அடையாளப் பட்டையைக் காணோம். இன்னொரு கையைப் பார்த்தார். அதிலும் இல்லை.

"பட்டை எங்கேங்க?"

"எந்தப் பட்டை?"

அதற்குள் வார்டு ஆயா, வயிற்றை ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்த ஒருவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். அவருடைய மறு கையில் ஒரு பிளாஸ்க் இருந்தது.

"சிஸ்டர், அந்த அண்ணனக் கொஞ்சம் எழுப்பி விடுங்க. ஏழாம் கட்டில்காரரு தையலோட நடந்து போயி அவருக்கு டீ வாங்கிட்டு வந்திருக்காரு."