டிராகனுக்கு முதலில் தண்ணீர்

"அப்பா, டிராகன் கதையில அந்தப் பையன் டிராகன்கிட்ட என்னென்ன செய்வானோ, அதையேதானே நீங்க அம்மாகிட்ட செய்யறீங்க?"

மகள் இதைக் கேட்டது சாப்பாட்டு மேசையில், அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. கண்ணாடிக்காரர் எடுத்த கவளத்தை வாய்க்குக் கொண்டுபோவதா, தட்டிலேயே வைத்துவிடுவதா என்று தெரியாமல் அந்தரத்தில் நிறுத்தினார்.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதித்து லென்ஸ் பொருத்துகிறவர். ஒன்பது வயதில் பள்ளிக்கூட நூலகத்தில் ஒரு புத்தகம் படித்தார். தலைப்பு நினைவில்லை. எழுதியவர் யாரென்று அப்போதே தெரியாது. மலைக்குகையில் ஒரு கிழட்டு டிராகன். ராஜ மரியாதைக்காரர் என்பதால் புத்தகம் முழுக்க 'அவர்' என்றுதான் வரும். அவரிடம் ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் மாட்டிக்கொள்கிறான். கதை எப்படி முடிந்தது என்பதும் மறந்துவிட்டது. ஆனால் டிராகனைச் சமாளிக்கும் விதிகள் மட்டும் ஆணி அடித்த மாதிரி மனதில் நின்றுவிட்டன.

அவர் திரும்பி வந்ததும் வாயைத் திறக்காதே. முதலில் தண்ணீர், பிறகு சாப்பாடு, அதற்கப்புறம்தான் சேதி. மூக்கு விடைத்தால் இடத்தைக் காலி செய். சொன்ன பெருமையையே திரும்பச் சொன்னாலும் இன்றைக்குத்தான் கேட்பதுபோலக் கேள். உனக்கு ஆகவேண்டியதை அவருக்கே தோன்றிய யோசனை என்று நம்பவை.

படித்தது வாழ்க்கைக்கு உதவாது என்பவர்கள் கண்ணாடிக்காரரின் வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. அவள் தாமதமாக வந்தால் அவளுக்கு அவர் தண்ணீர் கொடுப்பார். அவர் தாமதமாக வந்தால் அவள் கொடுப்பாள். கல்யாணமான நாளிலிருந்து உருப்படியாக ஒரு சண்டை வந்ததில்லை. அந்த நிம்மதியில்தான் போன வாரம் மகளுக்கு அந்தக் கதையைச் சொல்லிவைத்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார் என்று சொன்னால் போதும்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். அந்த விதிகளைச் சொல்லச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பெருக்கல் வாய்ப்பாட்டைத் திக்கித் திணறும் மகள், அத்தனையையும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். மனைவியின் முகம் வெளுத்துப்போனது.

"இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. புத்தகத்துல படிச்சது. சின்னப் பிள்ளைங்க புத்தகம்" என்றார் கண்ணாடிக்காரர்.

"எந்தப் புத்தகம்?"

அதுதான் தெரியாதே என்று அவர் இழுத்தார்.

"ஞாயித்துக்கிழமை எங்கம்மா வர்றாங்க. அதுக்குள்ள அந்தப் புத்தகம் என் கண்ணு முன்னாடி வரணும். வரலேன்னா நான் அவங்களோட கிளம்பிடுவேன்."

அன்றைக்கு அவருக்குத் தண்ணீரும் கிடைக்கவில்லை.

மறுநாளிலிருந்து கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் விசாரித்தார். சோதனை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் சிவப்பு தெளிவா, பச்சை தெளிவா என்று கேட்டுவிட்டு, அதே மூச்சில், சின்ன வயதில் டிராகன் புத்தகம் ஏதாவது படித்ததுண்டா என்பார். வந்தவர்கள் அதுவும் சோதனையில் சேர்ந்ததுதான் என்று நினைத்தார்கள். டிராகனே தெரியாத ஒரு பெரியவர், தனக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று அங்கேயே கண் கலங்கினார். அவரைத் தேற்றுகிற அவசரத்தில் கண்ணாடிக்காரர் ஒருவருடைய லென்ஸை இன்னொருவருடைய ஃப்ரேமில் மாட்டிவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு வெளியே போனவர் விளக்குக் கம்பத்திடம் வழி கேட்டார். இனிமேல் வாயைத் திறந்தால் வேலை இருக்காது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

சரி, ரத்த சொந்தத்திடம் கேட்போம் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அது டிராகனே இல்லை, முதலை என்றார் அண்ணன். டிராகன்தான், ஆனால் அது தன்னுடைய புத்தகம், தம்பி திருடிக்கொண்டான் என்றாள் அக்கா. அண்ணன் எப்போதும் தம்பிக்கே பரிந்து பேசுவார் என்ற பழைய வழக்கு அதற்குள் நுழைந்தது. சாயங்காலத்துக்குள் இருவரும் குழுவை விட்டு வெளியேறினார்கள். போகிற போக்கில் அக்கா, மருந்துக்கடைக்கு ஃபோன் போட்டு நாத்தனார் முறையில் அக்கறையாக விசாரித்தாள்: "ஏம்மா, உன்னைப் போய் அவன் டிராகன்னு சொன்னானாமே?"

அன்று மனைவி வீட்டுக்கு வந்தபோது அவர் தண்ணீர்ச் செம்போடு வாசலில் நின்றார். செம்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். விதிகள் வெட்டவெளிச்சமான பிறகு அவற்றை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்த முடியாது என்பது கண்ணாடிக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. அவளை அவருக்கு உண்மையிலேயே பிடிக்கும். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தார், நினைக்கவே பிடிக்கவில்லை.

பயம் வந்தால் புத்தி குறுக்கு வழியில் போகும். கடைத்தெருவில் புதிதாக ஒரு டிராகன் புத்தகம் வாங்கினார். அந்த விதிகளை அச்சடித்து நடுவில் ஒட்டினார். பழசாகத் தெரிய வேண்டுமே என்று முழுப் புத்தகத்தையும் டீயில் ஊறப்போட்டு, துணி கிளிப் மாட்டிக் கொடியில் காயவைத்தார். மகள் அதைச் சுற்றிவந்து, புத்தகத்துக்குச் சர்க்கரை போட்டீங்களா என்று கேட்டாள்.

மனைவி புத்தகத்தை வாங்கி முகர்ந்து பார்த்தாள். பின்னட்டையைத் திருப்பினாள்.

"உங்க சின்ன வயசுப் புத்தகத்துல போன மாசத்து விலைச்சீட்டு எப்படிங்க ஒட்டியிருக்கு?"

பெட்டியை இறக்கித் துணி அடுக்க ஆரம்பித்தாள். மகள் தன் பொம்மைகளையும் அதில் வைத்துவிட்டு, அப்பாவும் வருவாரா என்று கேட்டாள்.

சனிக்கிழமை கடைக்குப் படிக்கிற கண்ணாடி கேட்டு ஓர் அம்மாள் வந்தார். கண்ணாடிக்காரர் நிமிர்ந்து பார்த்து, வேலை போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்தார். வந்தவர், அவர் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய நூலக டீச்சர்.

டீச்சருக்கு ஆளை நினைவில்லை, புத்தகம் நினைவிருந்தது. சிவப்புத் துணி முதுகு என்றார். அதற்குத் தலைப்பே கிடையாதாம். அட்டை போனது, முன்பக்கம் போனது என்று கிழிந்த புத்தகங்களைக் கட்டாகக் கட்டி அனுப்பினால், பைண்டர் தைத்து, அட்டை போட்டு, எல்லாவற்றின் முதுகிலும் 'கதை' என்று எழுதி அனுப்பிவிடுவாராம். கழித்துக் கட்டிய புத்தகங்களில் கொஞ்சத்தைத் தூக்கிப்போட மனமில்லாமல் வீட்டுக்கு எடுத்து வந்திருப்பதாகவும், அதுவும் அதில் கிடக்கும் என்றும் சொன்னார். முதலாளி கூப்பிடக் கூப்பிட, கண்ணாடிக்காரர் டீச்சரின் பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் மாமியார் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். மனைவி பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். கண்ணாடிக்காரர் புத்தகத்தைப் பிரித்து முதலில் படத்தைக் காட்டினார். குகை, புகை, டிராகன், ஆட்டுக்காரப் பையன் எல்லாம் இருந்தன. மகள் கைதட்டினாள்.

"பாத்தியா? நானா கட்டிவிட்ட கதை இல்ல. இப்பக் கேளு" என்று நடுப்பக்கத்துக்குப் போய், தொண்டையைக் கனைத்துக்கொண்டு உரக்கப் படித்தார். "அவர் திரும்பி வந்ததும் வாயைத் திறக்காதே. முதலில் தண்ணீர்…"

"சரிங்க, நம்பறேன். மூடி வைங்க" என்றாள் மனைவி.

இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு அவர் அவ்வளவு சீக்கிரம் மூடுவாரா? மூக்கு விடைப்பதைப் படித்தார். பெருமையைக் கேட்பதைப் படித்தார். மனைவி பெட்டியைத் திறந்து துணிகளை மளமளவென்று அலமாரியில் திரும்ப வைக்க ஆரம்பித்தாள். "அதான் நம்பறேன்னு சொல்லிட்டேனே, அதை அப்படியே டீச்சர்கிட்டத் திருப்பிக் குடுத்துட்டு வாங்க" என்றாள். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டாள். கண்ணாடிக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெருந்தன்மையோடு புத்தகத்தை மாமியாரிடம் நீட்டி, "நீங்களும் பாருங்க அத்தை" என்றார்.

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடுப்பக்கத்தைப் படித்தார். பக்கத்தைத் திருப்பினார். இன்னும் கொஞ்சம் படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"ஏண்டி, இது உன் கல்யாணத்துக்கு முன்னாடி நான் உன்னை மனப்பாடம் பண்ண வச்ச 'புருஷனைச் சமாளிக்கிற' புத்தகமாச்சே, இதுக்கு முன்னால இந்தப் பறக்கிற பல்லியை எவன் சேத்துத் தைச்சான்?"