செல் என்றால் போவது அல்ல

முதுமையை ஒழித்த முதல் இடம் மலேசியாவில் ஈஜோக் பக்கத்திலுள்ள எங்கள் ரப்பர்த் தோட்டம்தான். உலக விஞ்ஞானம் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, பொறாமை, வேறென்ன? தோட்ட அலுவலகத்தில் சின்னக் கிராணியாக, அதாவது இளைய எழுத்தராக இருந்து அந்தப் புரட்சிக்குத் தேநீர் ஏற்பாடு செய்தவன் என்ற தகுதியில் நானே சொல்கிறேன்.

1986இல் பெரிய கிராணி பொன்னம்பலம் ஓர் ஆங்கில விஞ்ஞானப் பத்திரிகையைப் படித்துவிட்டார். படித்ததோடு நிற்கும் வழக்கம் அவருக்கு இல்லை. தொழிலாளர்களைக் கோயில் மண்டபத்தில் உட்காரவைத்து ‘ஆயுள் விருத்திச் சொற்பொழிவு’ ஆற்றினார். உடம்பெல்லாம் செல்களாம். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புரதங்கள் ராப்பகலாக உழைக்கின்றனவாம். உழைத்துக் கோணிப்போன புரதத்துக்குச் செல் ஓர் அடையாளம் ஒட்டி, உடைத்து அப்புறப்படுத்துமாம். அது ஒழுங்காக நடக்கும்வரை இளமை; சுணங்கினால் கிழடு.

பால்வெட்டுக்காரர் இருசப்பன் எழுந்தார். மறுமாதம் அவருக்கு ஐம்பத்தைந்து. ஓய்வு கொடுத்ததும், தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்து வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயம் அவருக்கு.

“ஐயா, செல்லு செல்லுன்னு சொல்றீங்களே, எங்க போவச் சொல்றீங்க?”

மண்டபமே சிரித்தது. பொன்னம்பலமும் சிரித்தார்.

“செல் எண்டால் போறது இல்லை, இருசப்பன். அது உயிரணு.”

இருசப்பன் நிம்மதியாக உட்கார்ந்தார்.

விஷயத்தைக் கேட்ட தோட்ட நிர்வாகி, எங்கள் துரை, நெகிழ்ந்துபோனார். தோட்டமும் ஒரு செல்தானே என்றார். மறுவார அலுவலகக் கூட்டத்தில் அது தீர்மானமாக ‘ஏகமனதாக’ நிறைவேறியது. அவர் சொன்னார், நாங்கள் தலையாட்டினோம். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் சன்னாசி சிவப்புச் சாயத்தோடு லயத்துக்குப் போய், ஐம்பத்தைந்து ஆனவர்களின் கதவுகளில் அடையாளம் போட்டார். அறுபதைத் தாண்டிய துரையின் பங்களாவுக்கும் பெரிய கிராணி வீட்டுக்கும் சாயம் போதவில்லை.

மறுமாதம் இருசப்பன் கதவுக்கும் அடையாளம் வந்தது. அவர் மனைவி நல்லம்மாள் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துப் பார்த்தார். தரமான சாயம், போகவில்லை. அவர்கள்தான் போகவேண்டியிருந்தது.

சாமான்களை லோரியில் ஏற்றிவிட்டு இருசப்பன் அலுவலகத்துக்கு வந்தார்.

“அன்னிக்கு நான் சரியாத்தான் கேட்டிருக்கேன்யா. எங்க போவச் சொல்றீங்கன்னு. நீங்க சிரிச்சீங்க, பதில் சொல்லல.”

பெரிய கிராணி பத்திரிகையை எடுத்துப் புரட்டினார். அப்புறப்படுத்திய புரதம் எங்கே குடியிருக்கும் என்று அதில் போட்டிருக்கவில்லை.

ஆண்டறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன். ‘இவ்வாண்டு நம் தோட்டத்தில் வயதானவர் எவரும் இறக்கவில்லை.’ அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. இருசப்பன் செத்தது ரவாங்கில், மகள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில்.