நெடி வந்தால் திருஷ்டி இல்லை

பாசம் கண்ணை மறைக்கும் என்பார்கள். மறைத்தால்கூடப் பரவாயில்லை, எரிக்கவும் செய்யும். இதை எந்தக் கோயில் வாசலில் வேண்டுமானாலும் நின்று சத்தியம் செய்வேன். நடந்து சில வருடங்கள் ஆகியும் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

அப்போது நான் மலேசியாவில், மாசாய் என்ற ஊரில் அண்ணன் வீட்டில் இருந்தேன். பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலை. போக்குவரத்தெல்லாம் மோட்டார் சைக்கிளில். மழை வந்தால் ஹெல்மெட்டிலும் தண்ணீர், மூக்குக் கண்ணாடியிலும் தண்ணீர். முன்னால் இருப்பது லாரியா பாலமா என்று தெரியாமல் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டுவேன். தமிழ்ப்பள்ளிக் காலத்திலிருந்தே நான் சோடாபுட்டி. போதும் என்று லேசர் சிகிச்சைக்குப் போனேன்.

ஜொகூர் பாருவில் ஒரு கண் டாக்டர், இயந்திரத்தில் என் தாடையை வைக்கச் சொல்லி, கண்ணின் மேடு பள்ளத்தையெல்லாம் படமாக எடுத்தார். "ஒவ்வொருத்தர் கண்ணும் ஒவ்வொரு மாதிரி. இந்த மேப்ப வச்சு உங்க கண்ணுக்குன்னே லேசர செட் பண்ணுவோம்" என்றார். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. "கடையில தொங்குற சட்டை இல்ல, அளவெடுத்துத் தைக்கிற சட்டை" என்று கேன்டீனிலும் முடிவெட்டும் கடையிலும் கோயில் அன்னதான வரிசையிலும் பீற்றிக்கொண்டேன். (கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.) என் கண்ணின் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் பார்த்த பெண்ணின் போட்டோபோல ஊருக்கெல்லாம் காட்டினேன். அண்ணி இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார்.

சிகிச்சை சட்டென்று முடிந்தது. இரண்டு கண்ணுக்கும் பிளாஸ்டிக் மூடி போட்டு ஒட்டிய டாக்டர், அண்ணனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: "தண்ணி படக்கூடாது, புகை கூடாது, முக்கியமா தேய்க்கக் கூடாது. மேல வெட்டித் திறந்த படலம் இன்னும் ஒட்டல. தேய்ச்சா நகந்துடும். அப்புறம் நான் எடுத்த அளவெல்லாம் வீண், பார்வைக்கே பிரச்சினை." அண்ணன் பெரிதாகத் தலையாட்டினார். வீட்டில் அண்ணிக்குச் சொல்ல மறந்துவிட்டார். (சொன்னேன் என்று இன்றுவரை சாதிக்கிறார்.)

வாசலில் அண்ணி தட்டோடு நின்றார்.

"அங்கேயே நில்லுப்பா, உள்ள வராத."

"ஏன் அண்ணி?"

"ஊரு பூரா உன் கண்ணப் பத்தியே பேச வச்சிட்ட. அத்தன பேரு பார்வையும் உன் மேலதான். சுத்திப் போடணும்."

காய்ந்த மிளகாய், கல் உப்பு, கடுகு. சுற்றினார், துப்பச் சொன்னார், துப்பினேன். எனக்கு மூடி வழியாக எல்லாமே பால் கலங்கினாற்போலத் தெரிந்தது. வழக்கம்போல முச்சந்தியில் கொண்டுபோய்க் கொட்டுவார் என்று நம்பி நின்றேன். என் காலடியிலேயே ஒரு பழைய பால்மாவு டின்னில் கரி நெருப்பு தயாராக இருந்ததை நான் எப்படிப் பார்ப்பேன்?

கொட்டினார்.

அந்த நெடி மூடிக்குள் புகுந்தது. கண்ணில் யாரோ மிளகாய்ச் சம்பல் அரைப்பதுபோல இருந்தது. தேய்க்கவும் முடியாது, கழுவவும் முடியாது. போலீஸிடம் மாட்டியவன்போல இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, "தேய்க்கக் கூடாது, தேய்க்கக் கூடாது" என்று எனக்கு நானே கத்திக்கொண்டு ஓடினேன். பக்கத்து வீட்டில் நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் மலாய்க்கார அம்மா காயப்போட்டிருந்த துணிகளில் போய் விழுந்தேன். "அலமாக்" என்று பதறி ஓடிவந்த மக்சிக், வீடு பற்றிக்கொண்டதென்று தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவருடைய சாரோங் கைலியைத் தலையில் சுற்றிக்கொண்டு, தண்ணீர் மட்டும் வேண்டாம் என்று மலாயில் அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அண்ணன் காரைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார்.

இத்தனைக்கும் நடுவில் அண்ணி நிதானமாகச் சொன்னார்: "இவ்ளோ நெடி வருதே. அப்ப உனக்குத் திருஷ்டியே இல்லப்பா."

இல்லாத திருஷ்டிக்கு என் கண்ணைக் கொளுத்தியிருக்கிறார். வயிறெரிந்து, டாக்டர் சொன்னதையெல்லாம் வாசலில் நின்றே கத்தினேன். பார்வை போனால் நீங்கள்தான் பொறுப்பு என்றும் சொன்னேன். அண்ணி தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் டாக்டர் பரிசோதித்து, படலம் நகரவில்லை, பார்வை சுத்தம் என்றார். கண் இவ்வளவு சிவந்திருந்தும் கையை வைக்காமல் எப்படி இருந்தீர்கள் என்று அதிசயப்பட்டார். நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அண்ணன் ஆரம்பித்துவிடுவார்: "கண்ணாடி இல்லாம மொத மொத அண்ணி மூஞ்சியத் தெளிவா பாத்தான் லா. பாத்த ஒடனே ஓடிட்டான்." பந்தியே சிரிக்கும், அண்ணி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். அந்த நேரத்தில் எனக்கு எவர் முகமும் தெரியவில்லை, ஓடியது நெடியால் என்று நான் ஒவ்வொரு முறையும் விளக்குகிறேன். ஒருவரும் காதில் வாங்குவதில்லை.

உண்மையில் மறுநாள் காலை, டாக்டரிடம் கிளம்புமுன், அறைக் கதவைத் திறந்தபோதுதான் எனக்கு முதன்முதலாக ஒரு முகம் தெளிவாகத் தெரிந்தது. அண்ணி வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். தூங்கியதாகத் தெரியவில்லை, கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்து, கையை நீட்டினார்.

"எத்தன வெரலு, சொல்லு."

"மூணு அண்ணி."

எரிந்தது என் கண். வீடே அதிர அழுததென்னவோ அவர்.