மூச்சு விடும் வீட்டிலிருந்து ஒரு விண்ணப்பம்

மாலாங்கில் சிமென்ட் வீட்டில் குடியிருக்கக் கொடுத்துவைத்த மதிப்பிற்குரிய அக்கா மூர்த்தினிக்கு, கிளாத்தனிலிருந்து தம்பி வார்தோயோ பணிவுடன் எழுதுவது. இறைவன் அருளால் நானும் என் வீட்டுக்காரி பூர்வந்தியும் உயிரோடு இருக்கிறோம். சௌக்கியமா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இந்த வீட்டில் போன் பேசினால் தெருவுக்கே கேட்கும். என் மகள் லாரஸ் கட்டடக்கலை படித்து முடித்து, முதல் வேலையாக எங்கள் பழைய வீட்டை இடித்துவிட்டுத் தரை, படி, கதவு, கூரை எல்லாமே மரத்தில் கட்டிக் கொடுத்தாளே, அந்த வீட்டைத்தான் சொல்கிறேன். சுவர் என்று சொல்வது மரியாதைக்கு. காற்று வர இடைவெளி விட்டுப் பொருத்திய மரச் சட்டங்கள்தான். அன்றைக்கு உப்பு எங்கே என்று பூர்வந்தியைக் கேட்டேன். பக்கத்து வீட்டுத் துகிரான், அவன் வீட்டுக்குள்ளே இருந்தபடியே, "மேல் தட்டுல பாருங்கண்ணே" என்றான். பார்த்தேன். இருந்தது.

மழை பிடித்ததும் குளியலறைக் கதவு ஊதிப்போய்ச் சட்டத்தோடு இறுகிக்கொண்டது, பூர்வந்தி உள்ளே. நான் இழுத்தேன், துகிரான் வந்து இழுத்தான், கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. லாரசுக்குப் போன் போட்டால் நிதானமா, "மரம் மூச்சு விடுதுப்பா"ங்கிறா. "அது நல்லா விடட்டும்மா, உங்கம்மாவுக்குத்தான் மூச்சு முட்டுது"ன்னேன். துகிரான் உளி கொண்டுவந்து செதுக்கித்தான் அவளை வெளியே எடுத்தோம். இப்போ வெயில் வந்து கதவு இளைச்சுப்போச்சு. தாழ்ப்பாள் எட்டல. குளிக்கிறவங்க உள்ள ஆள் இருக்குன்னு தெரிய பாடிக்கிட்டே குளிக்கணும். எனக்குத் தெரிஞ்சது தேசிய கீதம் ஒண்ணுதான். நான் குளிக்கிறப்பல்லாம் துகிரானோட வயசான அப்பா அங்க எழுந்து நிக்கிறாராம்.

ஆணி அடிக்கக் கூடாது, மரத்துக்குக் காயமாகுமாம். கல்யாணப் போட்டோ தரையில் சாய்ந்து கிடக்கிறது. மத்தியானம் எல்லாரும் படுத்த பிறகு பொரித்த சோயா தெம்பே ஒரு துண்டு எடுக்கலாமென்று போனால் படி முனகுகிறது, பூர்வந்தி கண்ணைத் திறக்காமலே, "டாக்டர் என்ன சொன்னாரு?" என்கிறாள். பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்க வந்து என் பிளாஸ்டிக் நாற்காலியை வெளியே தூக்கிப் போட்டார்கள். பிறகு ரொம்ப மரியாதையாக, ஐயாவும் கொஞ்ச நேரம் வெளியே இருக்க முடியுமா என்றார்கள். நாற்காலியோடு நானும் வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன்.

எனக்கு அலுத்துவிட்டது அக்கா. ஆனால் லாரசிடம் எப்படிச் சொல்வது? அவளுக்கு இன்னும் இரண்டாவது வீடு கட்ட யாரும் வேலை கொடுக்கவில்லை. பெத்த அப்பனே குடியிருக்க முடியாம ஓடிட்டான்னு பேர் வந்தா, அப்புறம் யார் கொடுப்பா? வருகிறவர்கள் எல்லாரும் "வசதியா இருக்கா?" என்று என்னைத்தான் கேட்கிறார்கள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் தோட்டத்தைக் காட்டிப் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால் ஒரே வழிதான். நீ கொஞ்ச நாள் நோயில் படு. பெரிதாக ஒன்றும் வேண்டாம், தம்பி பக்கத்தில் இருந்தால் தேவலை என்கிற அளவுக்கு. நான் வந்துவிடுகிறேன். சுவர் சுவராக இருக்கிற ஒரு அறையை ஒழித்து வை.

அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உன் உடல்நலத்துக்காகத் தொழுகையில் வேண்டிக்கொள்கிறேன், நோய் வந்தாலும் வராவிட்டாலும்.

உன் தம்பி,
வார்தோயோ

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பூமி ஆடியது. வீடு ஆயிரம் முனகல் முனகி, இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்து, பழையபடி நின்றுகொண்டது. துகிரான் வீட்டுச் செங்கல் சுவர் அவன் மோட்டார் சைக்கிள் மேல் படுத்துவிட்டது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. குடும்பம் மொத்தமும் இப்போது எங்கள் கூடத்தில். லாரஸ் பதறி ஓடிவந்து, ஒவ்வொரு தூணாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, எங்களுக்குத் தேநீர் போட்டாள். துகிரான் கண்ணாடித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து கூரையையே பார்த்தான். "இதே மாதிரி எனக்கும் ஒண்ணு கட்டலாமான்னு பாக்கறேன். நீங்க சொல்லுங்கண்ணே, குடியிருக்க எப்படி?"

லாரஸ் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"கட்டுடா"ன்னேன்.

நீ நோயில் படுக்க வேண்டாம் அக்கா.