மச்சானுக்கு எதிராக ஐந்து ஸ்பீக்கர்கள்

எங்கள் வீட்டுச் சின்ன அறையை ஒழித்துக்கட்டுவது என்று ஒரு சனிக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தேன். பெரிய முடிவுகளை நான் பல் தேய்க்கும்போதுதான் எடுப்பேன். வாய் நிறைய நுரை இருப்பதால் முடிவை உடனே மனைவியிடம் உளறிவிட முடியாது. யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

அந்த அறை எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அதில் வந்து தங்கப்போகிறவர்தான் பிரச்சினை. என் மச்சான். மனைவியின் அண்ணன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். அடுத்த மாதம் எங்கள் ஊரில் ஒரு கிளை திறக்கிறாராம். வீடு கிடைக்கிற வரைக்கும் எங்களோடுதான். போன தடவை "ரெண்டே நாள்" என்று வந்தவர் திரும்பிப் போனபோது, நாங்கள் புது வருஷக் காலண்டர் மாட்டியிருந்தோம்.

கார் கற்றுக்கொடுப்பவர்களுக்குப் பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் இருக்கும். அந்தப் பழக்கத்தில் எங்கள் சோபாவில் உட்கார்ந்தும் தரையை மிதித்துக்கொண்டே இருப்பார். நான் டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனால் போதும்.

"மெதுவா மாப்பிள்ளை… மெதுவா… இப்ப சாய்ங்க… போதும், போதும், நிமித்துங்க!"

டீ சட்டையில் கொட்டும். "நான்தான் சொன்னேன்ல" என்பார்.

நான் வாகன இன்சூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறேன். நசுங்கிய வண்டிகளின் கோரிக்கைகளைப் படித்து 'நிராகரிக்கப்பட்டது' என்று முத்திரை குத்துவது என் உத்தியோகம். எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும் குத்திவிடுவேன். ஆனால் மனைவியின் அண்ணன் முகத்தில் அதைக் குத்த முடியுமா? அதனால்தான் திட்டம். அறை இருந்தால்தானே தங்குவார்? கட்டில் இருந்த இடத்தில் அசைக்க முடியாத எதையாவது வைத்துவிட்டால்?

ஹோம் தியேட்டர்!

இதை மனைவியிடம் சொல்ல வேண்டும். அவள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் தலைமை நர்ஸ். பெரிய பெரிய டாக்டர்கள் கை நீட்டினால் கத்தியை வைப்பாள். வீட்டில் நான் கை நீட்டாமலே வைப்பாள். பாதி நாள் இரவு வேலை. காலையில் வந்து பகலில் தூங்குவாள், அல்லது தூங்க முயற்சி செய்வாள்.

வாய் கொப்பளித்துவிட்டுப் போனேன்.

"சின்ன ரூம்ல ஒரு தியேட்டர் வைக்கலாம்னு இருக்கேன்."

"எதுக்கு? தெனமும் நான் தியேட்டர்லதானே நிக்கிறேன்."

"அது ஆபரேஷன் தியேட்டர். இது ஹோம் தியேட்டர்."

"ரெண்டுலயும் படுத்திருக்கறவங்களுக்கு என்ன நடக்குதுன்னு தெரியப்போறதில்ல. சரி, வைங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு தலையணை உறை வாங்கக்கூட இரண்டு சுற்றுப் பேச்சுவார்த்தை நடக்கிற வீடு இது.

"கட்டிலை வெளியே எடுத்துடணும்" என்றேன், ஆழம் பார்க்க.

"எடுத்துடுங்க."

"அப்ப… மச்சான் வந்தா?"

"பார்த்துக்கலாம்."

அவள் 'பார்த்துக்கலாம்' என்றால் ஏற்கனவே பார்த்து முடித்துவிட்டாள் என்று பொருள். இது எனக்கு இப்போது தெரியும்.

பெட்டிகள் வந்தன. முன்னால் வைக்க மூன்று ஸ்பீக்கர். பின்னால் மாட்ட இரண்டு. சத்தம் நாலு பக்கமும் சூழ்ந்து வருமாம், சரவுண்ட் சவுண்ட். தடதடவென்று அதிர்வதற்கென்றே சப்-ஊஃபர் என்று ஒரு கனத்த மரப்பெட்டி. எல்லாவற்றையும் கட்டி மேய்க்க ஓர் ஆம்ப்ளிஃபயர். கட்டிலைக் கழற்றி விற்று, அந்த இடத்தில் நின்றுகொண்டு மனைவிக்கு வகுப்பெடுத்தேன்.

"ஒவ்வொரு ஸ்பீக்கரும் நூறு வாட்டு!"

"யாரை வாட்ட?"

"இதுதான் மூளை. ஆம்ப்ளிஃபயர். பேர்லயே ஆம்பளை இருக்கு, பார்த்தியா?"

"பேர்லயாவது இருக்கட்டும்."

ஒயர் மாட்டுவது குழந்தை விளையாட்டு என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அவர் வீட்டுக் குழந்தைகளைப் பார்க்க வேண்டும். சிவப்பு ஒயர் சிவப்புத் துளையில், கறுப்பு கறுப்பில். அவ்வளவுதான். ஆனால் ஐந்து ஸ்பீக்கரின் ஒயரும் தரையில் ஒன்றாகச் சேர்ந்ததும் எது எந்த வீட்டுப் பிள்ளை என்று அடையாளம் தெரியவில்லை. நான் முழங்காலில் தவழ்ந்தேன். அலமாரிக்கு அடியில் தலையை விட்டேன். தலையை எடுக்க முடியவில்லை. மனைவி என் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டாள். "தலை வந்துடுச்சு, பயப்படாதீங்க" என்று முதுகில் தட்டினாள். ஆஸ்பத்திரிப் பழக்கம்.

ஹாலில் இருந்த டிவியை உள்ளே கொண்டுவந்து வைத்து, ஒரு வழியாகப் படம் போட்டேன். கதாநாயகன் மலை உச்சியில் நின்று ஆவேசமாகப் பேசினான். காற்று வீசுகிற சத்தம் கேட்டது. தூரத்தில் ஒரு நாய் குரைப்பது பின்பக்க ஸ்பீக்கரில் துல்லியமாகக் கேட்டது. அவன் பேசியது மட்டும் கேட்கவில்லை. நடு ஸ்பீக்கருக்குக் கொடுத்த ஒயர் கழன்றிருக்கிறது.

மனைவி ரொம்ப நேரம் ரசித்துப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுக் கதையா? ஆம்பளை வாயை அசைக்கிறான். சத்தம் வரலை. ஆனா நாய் குரைக்கிறது நல்லாக் கேக்குது."

ரோஷம் வந்துவிட்டது. ஒயரைத் திருகினேன். வால்யூம் குமிழைக் கடைசிவரை திருப்பினேன்.

அடுத்து நடந்ததைச் சத்தம் என்று சொன்னால் அது குறைவு. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. பூந்தொட்டி தானாக நகர்ந்தது. என் மூக்குக்கண்ணாடி மூக்கைவிட்டு இறங்கி வெளிநடப்புச் செய்தது. வீரத்தோடு நின்றேன்.

காலிங் பெல் அடித்ததுகூடக் கேட்கவில்லை. மனைவிதான் திறந்தாள். கீழ்வீட்டுப் பல் டாக்டர் நின்றிருந்தார். கையில் கையுறைகூடக் கழற்றவில்லை.

"சார், நான் டிரில் போடும்போதுகூட இவ்வளவு அதிராது. என் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிருது. இதுக்கு ஏதாவது பண்ணுங்க. இல்லன்னா குடியிருப்புச் சங்கத்துல சொல்லி, அதை அவுத்து வெளியே வைக்கச் சொல்லிடுவேன்."

அவுத்து வெளியே வைப்பதா? ஸ்பீக்கர் வெளியே போனால் மச்சான் உள்ளே வந்துவிடுவாரே!

"நீங்க கவலைப்படாதீங்க டாக்டரம்மா, இவர் பார்த்துக்குவாரு" என்று மனைவி அவரை அனுப்பிவைத்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு அப்பாவித்தனம். அதை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

"என்னங்க, சத்தம் வெளியே போகாம இருக்க என்ன பண்ணணும்? உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

'உங்களுக்குத்தான் தெரியும்.' கல்யாணமான நாளிலிருந்து இந்த வாக்கியத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன். கிறங்கிப்போய்விட்டேன்.

"வெறும் சுவர்ல பட்டா சத்தம் எதிரொலிக்கும். மெத்துனு இருக்கறது சத்தத்தைக் குடிச்சுடும்."

"அப்ப கெட்டியா ஒரு திரை போட்டா?"

"பிரமாதம்."

"ரெண்டு மடிப்பு? இருட்டுக் கலர்ல? வெளிச்சமும் வராது, படமும் நல்லாத் தெரியும்?"

"இப்பத்தான் உனக்குப் பிடிபடுது!"

திரை வந்தது. நடுப்பகலில் உள்ளே போனால் என் கையே எனக்குத் தெரியவில்லை. பிறகு கதவு. எங்கள் பழைய கதவின் இடுக்கு வழியே அடுக்களையில் கரண்டி விழும் சத்தம்கூட வரும். சத்தம் உள்ளே வருமென்றால் வெளியேயும் போகுமே என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. கனத்த கதவு போட்டு, சுற்றிலும் ரப்பர் ஒட்டினோம். ஒயரெல்லாம் சூடாகும் என்று அவளே ஒரு ஏசியும் சிபாரிசு செய்தாள். ஆம்ப்ளிஃபயர் சௌக்கியமாக இருந்தால்தானே நாம் சௌக்கியமாக இருக்கலாம்? மாட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் கணகணக்குது இல்ல?" என்றாள் ஒரு நாள், காதைத் தீட்டிக்கொண்டு.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நிபுணன் எப்படி அதை ஒப்புக்கொள்வான்? "ஆமா, லேசா."

"தரையில பெரிசா, மெத்துனு ஏதாவது போட்டா? ஒரு மெத்தை மாதிரி?"

"மெத்தை நல்லாக் குடிக்கும்."

"மெத்தப் படிச்சவர் சொன்னா சரிதான்."

மெத்தை வந்தது. ஆளையே விழுங்குகிற மாதிரி ஆழமான மெத்தை.

"தரையில கிடந்தா ஈரம் ஏறிடுமே. அடியில ஒரு பலகை கொடுக்கலாமா? காத்து போக கீழ நாலு கால் வச்சு?"

"கொடுக்கலாமே!"

நாலு கால் வைத்த பலகைக்கு உலகம் முழுவதும் கட்டில் என்றுதான் பெயர். அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை. நான் சப்-ஊஃபரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் வந்தார். இரண்டு சூட்கேஸ், ஒரு தலையணை. சொந்தத் தலையணையோடு வருகிற விருந்தாளி எவ்வளவு ஆபத்தானவர் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். நான் முகத்தில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டேன்.

"வாங்க மச்சான். ஆனா பாருங்க, சின்ன ரூம் இப்ப ரூமாவே இல்ல. தியேட்டராயிடுச்சு. உங்களைப் படுக்க வைக்க இடமே இல்லாமப் போச்சு. எனக்குத்தான் மனசே ஆறல."

"இடம் இல்லைன்னு யார் சொன்னா?" என்றாள் மனைவி. "பெட்ரூம்ல என் பக்கம் காலியாத்தானே இருக்கு?"

"உன் பக்கம் எப்படிக் காலி?"

"நான்தான் தியேட்டருக்கு மாறிட்டேனே."

கனத்த கதவைத் திறந்து காட்டினாள். இருட்டு. குளிர். அவளுடைய போர்வை, கண்ணாடி, தண்ணீர் பாட்டில், கட்டிலுக்கடியில் செருப்பு. நான் வாயை அசைத்தேன். சத்தம் வரவில்லை.

"அது… படம் பார்க்கிற எடம்…"

"என்னங்க," என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "நைட் டியூட்டி முடிச்சு வந்து பகல்ல கண்ணை மூட ஒரு இருட்டு ரூம் வேணும்னு எத்தனை வருஷமாக் கேட்டேன்? ஒரு நல்ல திரை கேட்டேன். ஒரு கதவு கேட்டேன். 'அவசியமான்னு பார்க்கலாம்'னு சொல்லிச் சொல்லியே தட்டிக் கழிச்சீங்க. ஸ்பீக்கருக்கு எதிரொலி வந்துடுச்சுன்னதும் ஒரே மாசத்துல எல்லாம் வந்துடுச்சு. பொண்டாட்டி தூக்கத்துக்கு வராத திரை, மரப்பெட்டி சௌக்கியத்துக்கு வந்துச்சே, அதைச் சொல்லுங்க."

ஆபீசில் என் எதிரில் நிற்பவர்கள் எப்படி விழிப்பார்களோ அப்படி விழித்தேன். சுரீரென்று உறைத்தது என்பதையும் ஒளிக்கவில்லை. பகலில் நான் டிவி பார்க்கும்போதெல்லாம் அவள் தலையணையைக் காதின் மேல் அழுத்திக்கொண்டு படுத்திருப்பாள். அதைப் பார்த்து, இவளுக்கு விசித்திரமான படுக்கைப் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அப்ப அந்தப் பல் டாக்டர்…"

"அடுத்த தெரு கிளினிக்ல இருந்தாங்க, பாவம். நான் ஃபோன் பண்ணினதும் பாதிப் பல்லுல விட்டுட்டு ஓடி வந்தாங்க."

"ஸ்பீக்கரெல்லாம்?"

"இருக்கட்டும். தூங்கறப்ப அலைச் சத்தம் போட்டுக்கறேன். நீங்க ஆபீஸ் போனப்ப போட்டுப் பார்த்தேன், பின்னாடி ரெண்டும் ரொம்ப அருமை. கடல் ஓரமாப் படுத்திருக்கற மாதிரியே இருக்கு. நல்லா மாட்டியிருக்கீங்க."

கல்யாணமானதிலிருந்து அவள் என்னை மனதாரப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அதை அனுபவிக்க விடாமல் மச்சான் என் தோளைத் தட்டினார். "பரவாயில்ல மாப்பிள்ளை, நான் எங்க படுத்தாலும் அட்ஜஸ்ட் பண்ணிக்குவேன்." பண்ணிக்கொண்டார். கட்டிலின் நடுவில்.

போன ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் இறுதிப் போட்டி. ஊரே ஆர்ப்பரித்துக்கொண்டிருந்தது. மனைவி காலையில்தான் வேலை முடிந்து வந்து தியேட்டருக்குள் போயிருந்தாள். டிவியும் உள்ளே. ரிமோட்டும் உள்ளே. ரப்பர் ஒட்டிய கதவில் காதை வைத்துப் பார்த்தேன். ஒரு அலைகூடக் கேட்கவில்லை. என் கைவேலை அவ்வளவு சுத்தம்.

அடுக்களையில், அரிசி டப்பாவில் சாய்த்துவைத்த மச்சானின் ஃபோனில் ஆட்டம் பார்த்தோம். உள்ளங்கை அகலத் திரை. பந்து எங்கே போகிறது என்பது ஆட்டக்காரர்கள் ஓடுகிற திசையை வைத்து ஊகம்தான். அந்த ஃபோனில் ஸ்பீக்கர் வேறு வேலை செய்யவில்லை. அதனால் மச்சான் என் வலது பக்கம் உட்கார்ந்து, காதுக்குள் வர்ணனை சொல்லிக்கொண்டே வந்தார்.

"மச்சான், ஒண்ணும் சரியா கேக்கலை" என்றேன் வெறுத்துப்போய்.

அவர் பரிவோடு எழுந்து என் இடது பக்கம் வந்தார்.

"சரவுண்ட் சவுண்டுக்குப் பழகின ஆளாச்சே நீங்க. இருங்க மாப்பிள்ளை, இந்தக் காதுலயும் சொல்றேன்."