திடலுக்குச் சுண்ணாம்பு அடித்த வரலாறு

விருந்தினரை வரவேற்பதில் எங்கள் தோட்டத்து மக்களை மிஞ்ச இந்த உலகத்தில் யாரும் இல்லை. இது நானாகச் சொல்வதல்ல. நீதிமன்றமே தீர்ப்பில் எழுதிவிட்டது.

வழக்கு இதுதான். சுவா பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி, எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் எங்கள் தோட்டத்தை வாங்கிய கம்பெனி, நடுவில் இருக்கும் திடலையும் தன் பெயரில் பதிந்து பட்டா எடுக்கப் போனது. நாங்கள் விடுவோமா? திடல் எங்கள் எல்லாருக்கும் பொது. அங்கேதான் பந்து விளையாடுவோம், துணி காயப்போடுவோம், கல்யாணப் பந்தல் போடுவோம். மயிலம்மாள் அக்காவின் மாடுகள் மேய்வதும் அங்கேதான். அந்தப் பாலில்தான் அவர் குடும்பம் ஓடுகிறது.

உடனே ‘திடல் மீட்புச் செயற்குழு’ உதயமாயிற்று. தலைவர் யோகேந்திரன் அண்ணன். செனாவாங் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கூட்டம் என்றால் ஞாயிற்றுக்கிழமையிலும் டை கட்டுவார்.

நீதிபதி திடலை நேரில் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. எங்கள் வழக்கறிஞர் புஷ்பவள்ளி போனில் சொன்னார்: “எதையும் மாத்தாதீங்க. சனங்க புழங்குற இடம்னு அவர் கண்ணால பார்த்தா போதும், கேஸ் நம்மதுதான்.”

செயற்குழு அவசரமாகக் கூடியது.

“எதையும் மாத்தாதீங்கன்னா? சாணியோடயா காட்டுறது?” என்றார் தலைவர்.

“லாயர் சொல்றாங்களே, தலைவரே,” என்று இழுத்தார் ஆறுமுகம் மாமா.

“அவங்க டவுன்ல வளர்ந்தவங்க மாமா. அந்தக் காலத்துல நம்ம தோட்டத்துல வெள்ளைக்காரத் துரை ரவுண்டு வந்தா என்ன செய்வாங்க? மரத்துக்கெல்லாம் சுண்ணாம்பு அடிச்சு, ஆடு மாட்டை மறைவா ஓட்டிட மாட்டாங்க? நீதிபதி துரைக்கும் மேல லா!”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. துணிக்கயிறுகள் ‘அப்புறப்படுத்தப்பட்டன’. கோல் கம்பங்கள் பிடுங்கப்பட்டன. மரங்கள் இடுப்பளவு வெள்ளை உடுத்தின. மயிலம்மாள் அக்கா வீட்டுக்கு ‘உயர்மட்டக் குழு’ புறப்பட்டது.

“ஒரு நாளைக்குத்தான்க்கா. மாடுங்கள செம்பனைக் காட்டுல கட்டிடுங்க.”

“ஏன்டா, என் மாடு என்ன களவாண்டுச்சா, ஒளிச்சு வைக்க?”

“அக்கா, இது கோர்ட்டு விசயம். உங்களுக்குப் புரியாது.”

நீதிபதி வந்தார். தோரணம் கட்டி, மாலை போட்டு, சந்தனம் கொடுத்து வரவேற்றோம். தலைவர் உத்தரவுப்படி அவரவர் வீட்டு வாசலிலேயே நின்றோம். ஒரு பிள்ளைகூடத் திடலில் இறங்கவில்லை. நீதிபதி நடுத்திடலில் நின்று சுற்றிலும் பார்த்தார்.

“இந்த இடத்தை யாரெல்லாம் பயன்படுத்துகிறார்கள்?” என்று மலாயில் கேட்டார்.

தலைவர் டையைச் சரிசெய்துகொண்டு, மலாயிலேயே முழங்கினார்: “யாருமே கால் வைக்க மாட்டாங்க, துவான். அவ்வளவு சுத்தமா வச்சிருக்கோம்!”

புஷ்பவள்ளி கண்களை மூடிக்கொண்டார். கம்பெனி வக்கீல் மட்டும் மனம் உருகிக் கைதட்டினார்.

தீர்ப்பு வந்தது. அன்பான வரவேற்புக்கு முதலில் நன்றி. அடுத்த வரியில், பொதுமக்கள் புழங்கியதற்கு அடையாளம் எதுவும் காணப்படவில்லை. திடல் கம்பெனி பெயரில் பதிவாயிற்று.

மயிலம்மாள் அக்கா மாடுகளைத் தம்பின் ஊர் வியாபாரிக்கு விற்றுவிட்டார். லாரி போன பிறகு தலைவர் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றார்.

“அன்னைக்கு மாட்டை மேயவிட்டுட்டு, உங்க கமிட்டியைப் புடிச்சுச் செம்பனைக் காட்டுல கட்டியிருக்கணும்டா.”

அடுத்த கூட்டத்தில் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினோம்.

இப்போது திடலைச் சுற்றி முள்வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் மரங்கள் வெள்ளை வெளேரென்று வரிசையாக நிற்கின்றன. துரைமார்கள் ஊரைவிட்டுப் போய் எத்தனையோ காலமாகிவிட்டது என்கிறார்கள். இருக்கட்டும். எப்போது திரும்பி வந்தாலும் நாங்கள் தயார்.