சலங்கை கட்டிய நாளில் போன பாடு

பழவேற்காடு குப்பம்,
18.1.1982

மதராஸ் பெரிய லைப்ரரியில் அட்டெண்டராக உத்தியோகம் பார்க்கும் மரியாதைக்குரிய மச்சான் மாசிலாமணி அவர்களுக்கு, தங்கள் தங்கச்சி புருஷன் பொன்னுரங்கம் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் தங்கள் தங்கச்சி சாமுண்டீஸ்வரியும் மகள் இந்திராணியும் உயிரோடு இருக்கிறோம். அவ்விடம் தங்கள் சுகத்துக்கு ஒரு குறைச்சலும் இருக்காது. இருந்த ஒரு தொல்லையையும்தான் போன மாசம் பஸ் ஏற்றி எங்களிடம் அனுப்பிவிட்டீர்களே.

அந்த வெள்ளைக்காரத் துரையைத்தான் சொல்கிறேன். இங்கிலாந்து கிராமத்து ஆட்டம் ஒன்று எங்கிருந்து வந்தது என்று தங்கள் லைப்ரரியில் புஸ்தகம் புரட்டிக்கொண்டு கிடந்த ஆளை, எங்க குப்பத்துலயும் குச்சி தட்டி ஆடுவாங்க, போய்ப் பாருங்கனு கிளப்பிவிட்டது யாரு மச்சான்? அந்த ஆட்டத்துக்கு மோரிஸ்னு பேராம். ஆறு ஆம்பளைங்க வெள்ளைச் சட்டை போட்டு, முழங்காலுக்குக் கீழ சலங்கை கட்டி, குச்சியைத் தட்டி, கைக்குட்டையை வீசி வீசிக் குதிக்கணும். ஐந்நூறு வருஷத்துக்கு மேல ஆடுறாங்களாம். மொதல்ல ராஜா அரண்மனையில, அப்புறம் மாதாகோயில் திருவிழாவுல, அப்புறம் பக்தி முத்திப்போனவங்க இது பாவம்னு தடுத்தாங்களாம். மூர்னா அவங்க பாஷையில முஸ்லிமாம், பேரைப் பார்த்து, இது முஸ்லிம் தேசத்துலேருந்து வந்திருக்கும்னு சில பேர் எழுதி வச்சதால, துரை மொதல்ல டவுனுக்குப் போய், அரபு வம்சம்னு சொல்லிக்கிற நம்ம இனாயத்துல்லா பாயைக் கேட்டிருக்கான். அவரு, எங்க முன்னோருங்க கப்பல்ல சரக்குதான் ஏத்தினாங்க, சலங்கை ஏத்தலனு சொல்லி, டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாரு. அவருக்குப் புத்தி இருக்கு. எனக்கு நீங்க இருக்கீங்க.

என் வீட்டுக்கு வந்ததும் துரை என் வலைக்காரங்களை எண்ணினான். என்னோட சேர்த்து ஆறு. அவ்ளோதான், அவன் முகத்துல வந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே. துரை பேசுறதையெல்லாம் நம்ம பள்ளிக்கூடத்து ஞானதாஸ் வாத்தியார் கூட இருந்து தமிழ்ல சொன்னாரு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள்தான் ஆடணுமாம். ஏன்னா அந்த ஆட்டம் அழிஞ்சுபோற சமயத்துல, அதே மாதிரி ஒரு மறுநாள், பனியில கட்டட வேலை நின்னுபோன கொத்தனாருங்க வயித்துப்பாட்டுக்கு ஒரு வீட்டு வாசல்ல ஆடினாங்களாம். அங்க விருந்துக்கு வந்திருந்த பாட்டு வாத்தியார் ஒருத்தர் அதைக் கேட்டு எழுதி வச்சாராம். அதனாலதான் ஆட்டம் பொழைச்சுதாம். கேக்கும்போது எனக்கே மனசு இளகிடுச்சு. அங்க வேலை இல்லாதவன் ஆடியிருக்கான். இங்க கையில வேலை இருந்த கம்மனாட்டி நான் ஆடினேன்.

ஏன்னா அன்னிக்கு அமாவாசை மச்சான். அமாவாசைப் பாடு என் வலைக்கு. பாடுன்னா இன்னானு மதராஸ் போய் மறந்திருப்பீங்க, சொல்றேன். இறால் ஓடுற இடம் ஊருக்கே பொது. எந்த வலைக்கு எந்த நாள்னு சீட்டுக் குலுக்கி வைப்பாங்க. முன்னால போட்டவன் வலையைத் தூக்கும்போது அடுத்தவன் படகு பக்கத்துல நிக்கணும், நிக்கலேன்னா அதுக்கடுத்தவன் எறங்கிடுவான். சாக்கெல்லாம் எடுபடாது. இந்த சீசன் இறாலை நம்பித்தான் மாசியில இந்திராணிக்குக் கல்யாணம் பேசி வச்சிருந்தேன். அரை மணி நேரம்னு ஆரம்பிச்ச துரை, ஒருத்தன் கால் தப்புனா எல்லாரும் மொதல்லேருந்து ஆடணும்னு சாயங்காலம் வரைக்கும் உடல. ஓடிப்போய் படகைத் தள்ளிகினு போறோம், அடுத்த சீட்டுக்கார வீரராகவன் எங்க இடத்துல வலையை எறக்கிட்டு பீடி பத்த வச்சிகினு குந்திகினு இருக்கான்.

அதோட திரும்பியிருந்தா ஒரு நாள் பாடோட போயிருக்கும். வயித்தெரிச்சல் உடலியே. பொழுது சாய்ஞ்சதும் இறால் மொதல்ல எங்களுக்கு உழட்டும்னு, அவன் வலைக்கு மேலாப்புல போய் எங்க வலையை எறக்கினோம். முறை மீறின காரியம்தான், சத்தமில்லாம செஞ்சா யாருக்குத் தெரியும்னு நெனச்சோம். துரை கட்டிவிட்ட சலங்கையைக் கழட்ட மறந்துட்டோம் மச்சான். ஆறு பேரு, பன்னண்டு காலு. இடுப்பளவுத் தண்ணியில நின்னா சத்தமில்ல, வலை கட்டப் படகுல ஏறி எறங்கினா ஏரி பூரா ஜல் ஜல்னு கேக்குது. வீரராகவன் அம்மன் ஊர்வலம்னு நெனச்சு மொதல்ல கும்பிட்டானாம்.

மறுநாள் பஞ்சாயத்துல தலைவர் கருப்பன் கேட்டாரு. நானும் உடாம, இது லேசான ஆட்டமில்ல, ராஜா அரண்மனையில ஆடினதுனு வாத்தியார் சொன்ன சரித்திரத்தையெல்லாம் எடுத்து உட்டேன். முழுசாக் கேட்டுட்டு, "அரண்மனை ஆளுங்களுக்குச் சேத்துல இன்னாப்பா வேலை? இந்த சீசன் பூரா எறங்க வேணாம்"னு சொல்லிட்டாரு. துரை அதுக்குள்ள போட்டோவெல்லாம் எடுத்துகினு போய்ச் சேர்ந்துட்டான். மாப்பிள்ளை வீட்டுல, மாசிக்குள்ள முடியலேன்னா வேற எடம் பார்க்கறோம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. இந்திராணி எனக்குச் சோத்தைப் போட்டு வச்சிட்டு வலை பின்னப் போயிடுறா. திட்டினாக்கூடத் தேவலை. உங்க தங்கச்சி மட்டும், எங்க அண்ணன் நல்லதுக்குத்தான் அனுப்பியிருக்கும்னு இன்னும் சொல்லிகினு இருக்கா.

ஆகையால் இனி தாங்களும் சரி, தாங்கள் அனுப்பும் எந்த தேசத்து ஆளும் சரி, என் வாசல்படி மிதிக்க வேண்டாம். நம் உறவு இத்தோடு முடிந்தது. வீட்டில் அக்காவுக்கு என் கும்பிடு. பிள்ளைகள் தீர்க்காயுசாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ந. பொன்னுரங்கம்

பி.கு: மேலே எழுதினதை மனசுல வச்சுக்காதீங்க மச்சான். மதராஸ்ல வெள்ளைக்காரங்க தங்குற பெரிய ஓட்டலுங்கள்ல சாயங்காலமானா ஆட்டம் வச்சுப் பார்க்குறாங்கனு ஞானதாஸ் வாத்தியார் சொன்னாரு. எங்க ஆட்டத்துக்குக் காசு குடுப்பாங்களானு தெரிஞ்சவங்க யாரையாச்சும் கேட்டு உடனே எழுதுங்க. மத்த அஞ்சு பேரும் வேலையில்லாம என்கூடத்தான் குந்திகினு இருக்கானுங்க, கூப்பிட்டா ஆறு பேரும் பஸ் ஏறிடுவோம். இந்திராணிகிட்ட மட்டும், அப்பனுக்கு லைப்ரரியில வேலைனு சொல்லிக்கலாம்.